நான் முழுதாக வாசிக்காத சீட்டு

எங்கள் சபையில் ஜெபக் குறிப்புச் சீட்டுகளை வாசிப்பது என் வேலை. ஆறு வருடமாகச் செய்கிறேன். வாசலில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. வேண்டுதல் உள்ளவர்கள் ஒரு சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். பத்து மணி ஆராதனைக்கு முன் நான் பெட்டியைத் திறந்து, சீட்டுகளை வகை பிரித்து எடுத்துக்கொண்டு மேடையேறி வாசிப்பேன். ஒவ்வொன்றுக்கும் சபை 'ஆமென்' சொல்லும். மொத்தம் மூன்று நிமிடம். அதற்கு மேல் போனால் கீபோர்டு வாசிக்கிற சகோதரர் மெல்ல ஒரு ராகத்தை இழுக்கத் தொடங்கிவிடுவார். இறங்கு என்று அதற்கு அர்த்தம்.

மூன்று நிமிடத்தில் முப்பது சீட்டு வாசிக்க ஒரு சாமர்த்தியம் வேண்டும். யாருடைய சங்கடமும் ஊருக்குத் தெரியக் கூடாது என்பதால் பெயரைச் சொல்வதில்லை. 'ஒரு சகோதரிக்காக', 'ஒரு சகோதரனுக்காக' என்றால் போதும். கடிதம்போல் எழுதியிருப்பதை ஒரே வரியாகச் சுருக்கிவிடுவேன். 'என் மகளை மூன்று இடத்திலிருந்து பெண் பார்த்துப் போனார்கள், மூன்றும் தட்டிப்போய்விட்டது, சொந்தக்காரர்கள் பேச்சைக் கேட்க முடியவில்லை' என்று ஒருவர் பக்கம் நிறைய எழுதியிருப்பார். நான், 'திருமணத் தடை நீங்க, ஒரு சகோதரிக்காக' என்று முடித்துவிடுவேன். ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக இருப்பவள் நான். ஒரு பாகத்தைக் கையில் எடுத்ததும் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவேன். அங்கே எனக்கு 'ரிஜெக்ட் அக்கா' என்று பட்டப்பெயர். சீட்டுகளையும் அதே வேகத்தில்தான் பார்த்தேன், அந்த வேகத்தில் எனக்குப் பெருமையும் இருந்தது. இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது இருந்ததுதான்.

எங்கள் சபைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் ஷிஃப்ட் வேலைக்காரர்கள். இந்த வாரம் ஏ ஷிஃப்டில் இருப்பவர் அடுத்த வாரம் பி, அதற்கடுத்த வாரம் சி. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பதும் எல்லாருக்கும் கிடையாது. அதனால்தான் காலை ஏழு மணிக்கு ஓர் ஆராதனை, பத்து மணிக்கு ஓர் ஆராதனை. இரண்டுக்கும் வர முடியாதவர்களுக்கு யூடியூபில் நேரலை. கொரோனா காலத்தில் ஆரம்பித்தது, இன்னும் ஓடுகிறது. பாஸ்டர் நல்ல எண்ணத்தில்தான் இதையெல்லாம் செய்தார், யாருக்கும் ஆராதனை தவறிவிடக் கூடாது என்று. தவறவும் இல்லை. ஆனால் ஓர் ஆள் வரவில்லை என்றால் அது யாருக்கும் தெரியாது என்கிற நிலைமையும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. ஏழு மணிக்காரர்கள் 'பத்து மணிக்கு வருவாங்க' என்று நினைப்பார்கள். பத்து மணிக்காரர்கள் 'காலையிலேயே வந்துட்டுப் போயிருப்பாங்க' என்று நினைப்பார்கள். அதற்கும் மேலே யாராவது யோசித்தால், 'லைவ்ல பாத்திருப்பாங்க.'

பெயர் தெரியாமல் இருப்பதற்கும் எங்களிடம் ஒரு வசதி உண்டு. எல்லாரும் சிஸ்டர், எல்லாரும் பிரதர். தமிழ் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர், கன்னடம் பேசுகிறவர் எல்லாரையும் இந்த இரண்டு வார்த்தையில் அடக்கிவிடலாம். முதல் நாள் பெயர் கேட்கத் தோன்றாது. மூன்று வருடம் கழித்துக் கேட்க வெட்கமாக இருக்கும்.

அப்படி மூன்று வருடமாக எனக்கு ஒருவரைத் தெரியும். மூன்றாவது வரிசை ஓரத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்காருவார். முப்பத்தெட்டு, நாற்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, எப்போதும் நன்றாகத் தேய்த்த சேலை. நான் முதன்முதலாக அவர் பக்கத்தில் உட்கார்ந்த அன்று, சீட்டு வாசிக்க எழுந்தபோது கைப்பையை எங்கே வைப்பது என்று தடுமாறினேன். அவர் கையை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அது வழக்கமாகிவிட்டது. அவர் பத்து மணிக்கு வருகிற வாரங்களில் என் பை அவர் மடியில்தான் இருக்கும். நான் இறங்கி வந்ததும் திருப்பிக் கொடுப்பார். "ஸ்தோத்திரம் சிஸ்டர்." "ஸ்தோத்திரம் சிஸ்டர்." எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நாற்காலி காலியாக இருந்தது. ஷிஃப்ட் மாறியிருக்கும் என்று நினைத்து, பையை நாற்காலிமேல் வைத்துவிட்டு மேடையேறினேன். அடுத்த வாரமும் காலி. அதற்கடுத்த வாரமும். ஐந்து வாரம் அந்த நாற்காலி என் பைக்கு வசதியாக இருந்தது.

ஐந்தாவது வாரம் முடிந்த சனிக்கிழமை, என் வேதாகம உறையின் ஜிப் சிக்கிக்கொண்டது. வாசித்து முடித்த சீட்டுகளை அதற்குள்தான் திணித்து வைப்பேன், நிறைந்ததும் எடுத்துப் போடுவேன். ஜிப்பைப் பிடுங்கி எல்லாவற்றையும் மேசையில் கொட்டினேன். கோடு போட்ட நோட்டுத் தாளில் எழுதிய ஒரு சீட்டு விரிந்து கிடந்தது.

'பஸ்ஸில் இருந்து இறங்கும்போது விழுந்து கணுக்கால் உடைந்துவிட்டது. ஆபரேஷன் ஆகிவிட்டது. ஜெபிக்கவும். நான் தனியாக இருக்கிறேன். யாராவது வந்து பார்த்தால் நன்றாக இருக்கும்.'

கீழே ஒரு பெயர், போன் எண், பாகலூர் சாலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு முகவரி. அதற்கும் கீழே, பெயரைப் போட்டால் யாருக்கும் தெரியாது என்று அவருக்கே தெரிந்திருந்ததுபோல, ஒரு வரி: 'மூன்றாவது வரிசை, ஃபேன் கீழே உட்காருவேன்.'

இந்தச் சீட்டை வாசித்தது ஞாபகம் வந்துவிட்டது. 'விபத்தில் காயப்பட்ட ஒரு சகோதரி பூரண சுகம் பெற.' சபை சத்தமாக ஆமென் சொன்னது. நானும் சொன்னேன். வந்து பார்க்கச் சொன்ன வரியையும் நான் பார்த்திருக்கிறேன். அது ஜெபக் குறிப்பில் சேராது என்று தள்ளிவிட்டேன். பெயர் வாசிக்கக் கூடாது என்பதால் அதற்குக் கீழே கண் போகவே இல்லை. ஆமென் சொல்லி முடித்து, மேடையிலிருந்து இறங்கி வந்து, அவருடைய காலி நாற்காலியிலிருந்து என் பையை எடுத்துக்கொண்டேன்.

அன்று மதியமே கிளம்பினேன். போன் செய்யவில்லை, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம். பழக்கடையில் ஆப்பிள் வாங்கினேன். ஆட்டோவில் போகும்போது அந்த ஆப்பிளைப் பார்க்க எனக்கே எரிச்சலாக வந்தது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரே கூரையின் கீழ் ஆறு லைன் வீடுகள். இரண்டாவது வீட்டு வாசலில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நெற்றியில் குங்குமம், கழுத்தில் இன்னும் கழற்றாத கம்பெனி அடையாள அட்டை. என் கையிலிருந்த வேதாகமத்தைப் பார்த்ததும் பக்கெட்டைக் கீழே வைத்தார்.

"சர்ச்சுல இருந்தா வாரீக?"

ஆமாம் என்றேன்.

"அந்தச் சீட்ட நாந்தான் கொண்டாந்து போட்டேன். வாசல்ல நின்னவரு, பெட்டில போட்டுட்டுப் போங்கம்மா, ஜெபிப்பாகன்னாரு. இன்னைக்கு வருவாக, நாளைக்கு வருவாகன்னு இவுக வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாக. ஏக்கா, உங்க சர்ச்சுல ஆளுக யாருமே இல்லையா?"

விருதுநகர்ப் பக்கம் அவர்களுக்கு. கணவன் மனைவி இருவரும் வேறு வேறு தொழிற்சாலையில் வேலை. சர்ச் பக்கம் அன்று ஒரு நாள்தான் வந்திருக்கிறார். ஐந்து வாரமாக மூன்று வேளையும் சோறு கொடுத்து, குளிக்க வெந்நீர் வைத்துக் கொடுத்தது அவர்தான்.

மூன்றாவது வீட்டில் சீட்டு எழுதியவர் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கட்டில் ஓரத்தில் ஒரு வாக்கர். கணுக்கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது.

"வாங்க சிஸ்டர், உட்காருங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"லைவ்ல பாத்தேன் சிஸ்டர். நீங்கதான் படிச்சீங்க. என் சீட்டு வரும்போது ஃபோன கிட்ட வெச்சிக்கினேன். ஒரு சகோதரின்னீங்க. அப்புறம் அடுத்த சீட்டுக்குப் போயிட்டீங்க."

நான் அழுதேன். எனக்கு இது வராத காரியம், வீட்டில் கேட்டால் சொல்வார்கள். அவர் அழவில்லை. துணி காயப்போட்ட பக்கத்து வீட்டுப் பெண் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.​

அப்புறம் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் ஒரு மின்னணுப் பொருள் தொழிற்சாலையில் உட்கார்ந்து செய்கிற வேலையில் இருக்கிறார், ஒப்பந்தத் தொழிலாளி. அவருடைய இடத்தை வரும் ஒன்றாம் தேதி வரைக்கும் வைத்திருப்பதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். அதற்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது. வேலை செய்யக் கால் வேண்டாம். ஆனால் கம்பெனி பஸ்ஸில் ஏற வேண்டும், அதன் முதல் படி முழங்கால் உயரம். மருத்துவமனையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து காலுக்குப் பயிற்சி எடுக்கச் சொல்லியிருந்தார்கள். கூட்டிப்போக ஆள் இல்லாமல் இரண்டே தடவை போயிருக்கிறார். இப்படியே விட்டால் மூட்டு இறுகிவிடும் என்று எச்சரித்திருக்கிறார்கள்.

"ஒண்ணாந்தேதி பஸ் ஏற முடியலன்னா எங்க ஊரு சாமல்பட்டிக்குப் போவணும். அண்ணன் வந்து கூட்டிக்கினு போறேன்னிருக்குது."

"அண்ணன் வீடுதானே, கொஞ்ச நாள் இருந்துட்டு வரலாமே" என்று சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன் நான்.

"வூட்டுக்காரரு விட்டுட்டுப் போனப்புறம் ஏழு வருசம் அந்த வூட்ல இருந்தேன் சிஸ்டர். மாட்டுக்குத் தண்ணி காட்டறது நான், பாத்திரம் கழுவறது நான், பந்தியில கடைசியா உக்கார்றது நான். ஒரு நாளு ஒரு பையத் தூக்கிக்கினு ரயிலேறி வந்துட்டேன். இந்தக் கட்டிலு, இந்த மிக்ஸி, எல்லாம் நான் சம்பாரிச்சது. அங்க திரும்பிப் போனா அப்புறம் வர்றது ஆவாது. எனக்குத் தெரியும்."

பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் என்றதும் மூன்று வருடம் அவர் மடியில் இருந்த என் பையை நினைத்துக்கொண்டேன்.

"நான் என்ன செய்யணும், சொல்லுங்க" என்றேன்.

"நான் எழுதுனத அப்படியே படிச்சிருக்கலாம். அவ்ளோதான்."

"நாளைக்குப் படிக்கட்டுமா? பேரோட?"

அவர் தன் வீங்கிய காலைப் பார்த்தார். "படிங்க. யாரு வராங்கன்னு பாக்கறேன்."

கிளம்பும்போது என் பெயரைச் சொன்னேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக. தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, "சரி சிஸ்டர்" என்றார்.

மறுநாள் மேடையில் மற்ற சீட்டுகளை வாசித்து முடித்தேன். கடைசியாக அந்தச் சீட்டை எடுத்தேன். பெயரோடு, முகவரியோடு, ஃபேன் கீழே என்பதோடு, யாராவது வந்து பார்த்தால் நன்றாக இருக்கும் என்பதோடு வாசித்தேன். கீபோர்டு சகோதரர் ராகத்தை இழுக்க ஆரம்பித்தார். "பிரதர், அத நிறுத்துங்க" என்று மைக்கிலேயே சொன்னேன். அவர் கை அப்படியே நின்றது. இந்தச் சீட்டை ஏற்கனவே ஒரு தடவை பாதியாக வாசித்தது நான்தான் என்றும், நாம் எல்லாரும் அதற்கு ஆமென் சொன்னோம் என்றும், அவர் அதை லைவில் பார்த்துக்கொண்டிருந்தார் என்றும் சொன்னேன். 'இன்னும் நாலு வாரம் இருக்கு. திங்கள், புதன், வெள்ளி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். செவ்வாய், வியாழன், சனி வீட்லயே ஒரு மணி நேரம் கூட நின்னு நடக்க வைக்கணும். வர்றவங்க கை தூக்குங்க. கண்ண மூடாதீங்க, தொறந்து வெச்சுக்கிட்டே தூக்குங்க' என்றேன். எங்கள் சபையில் கை தூக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வது வழக்கம்.

இருபத்துமூன்று பேர் தூக்கினார்கள். எண்ணி, அங்கேயே நின்று பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். ஆறு வருடம் மேடையேறியிருக்கிறேன், அவர்களில் ஐந்து பேர் பெயர்தான் எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். முப்பத்தாறு வயது, நல்ல மனிதர், ஆனால் எப்போதும் எங்கேயோ தாமதமாகிக்கொண்டிருக்கிறவர்.

"சிஸ்டர், உங்க பாரம் எனக்குப் புரியுது. ஆனா பேர் சொல்லிப் படிக்க ஆரம்பிச்சா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டும் பாஸ்டர்."

"ரெண்டு ஆராதனைக்கு நடுவுல பார்க்கிங் காலி பண்ணணும், நேரம் இல்ல. எல்லாத்தையும் ஷிஃப்ட் போட்டுச் செய்ய சபை ஒண்ணும் ஃபேக்டரி இல்லையே."

எனக்குச் சுருக்கென்றது. "ஃபேக்டரில ஒரு ஆள் வரலன்னா பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும் பாஸ்டர். லைன் நின்னுடும். இங்க அஞ்சு வாரம் ஆச்சு, ஒண்ணும் நிக்கல. நம்ம கீபோர்டு கூட நிக்கல."

இதைச் சொன்ன பிறகு கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று தோன்றியது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பாஸ்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "எனக்கும் ஒரு நாள் போடுங்க. வியாழக்கிழமை" என்றார்.

கை தூக்கிய இருபத்துமூன்று பேரில் வந்தது ஏழு பேர். மற்றவர்களைப் பற்றிக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. ஷிஃப்ட் மாறியது, பிள்ளைக்குக் காய்ச்சல், ஊரில் கல்யாணம். ஒரு பெரிய வீட்டுத் தம்பதி பழக்கூடையோடு ஒரு நாள் காரில் வந்து, அவரோடு நின்று போட்டோ எடுத்து, சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். நூறு கும்பிடு இமோஜி விழுந்தது. செவ்வாய்க்கிழமை அவர்களுடைய முறை, வரவே இல்லை. அன்று அவர் பத்து மணியிலிருந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் காத்திருந்திருக்கிறார். இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கப் போன பக்கத்து வீட்டுக்காரர்தான் எழுந்துவந்து நடக்க வைத்திருக்கிறார். எனக்கு மதிய உணவு இடைவேளையில் அவரிடமிருந்து போன் வந்தது.

"யக்கா, வரலைன்னா வரலைன்னு சொல்லிருங்க. அவுகள வாசல்ல நிக்க வைக்காதீக."

அந்தத் தம்பதிக்குப் போன் போட்டு நான் பேசியதை இங்கே எழுதப் போவதில்லை. கேண்டீனில் பக்கத்து மேசைக்காரர்கள் தட்டோடு எழுந்து வேறு இடத்துக்குப் போனார்கள் என்பது மட்டும் போதும்.

கோபம் அடங்கியபிறகு ஒன்று புரிந்தது. தவறு அவர்களுடையது மட்டும் இல்லை. தொழிற்சாலையில் ஏ ஷிஃப்ட் ஆள், பி ஷிஃப்ட் ஆள் வந்து நிற்கும்வரை இயந்திரத்தை விட்டு நகர மாட்டார். என்ன ஓடுகிறது, என்ன பழுது, எதைக் கவனிக்க வேண்டும் என்று நோட்டில் எழுதி, வாயாலும் சொல்லி, பிறகுதான் கையைத் துடைப்பார். ஒப்படைப்பு என்பது அதுதான். நாங்கள் பெயர்ப் பட்டியல் போட்டோம், ஒப்படைக்கவில்லை.

அன்று மாலையே ஒரு நீள நோட்டு வாங்கினேன். அவருடைய கட்டிலோரம் அதைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். வருகிறவர் போவதற்கு முன், அடுத்து வருகிறவருக்குப் போன் செய்து அவர் வாயால் 'வரேன்' என்று கேட்டபிறகுதான் நோட்டில் எழுதிவிட்டுக் கிளம்ப வேண்டும். கேட்காமல் கிளம்பக் கூடாது. என்னை எல்லாரும் கேலி செய்தார்கள். சபையிலும் 'ரிஜெக்ட் அக்கா' என்கிற பெயர் எப்படியோ பரவிவிட்டது. பரவட்டும்.

இரண்டாவது நோட்டு சபை வாசலுக்கு. ஏழு மணி ஆராதனைக்காரர்கள் போவதற்கு முன் பத்து நிமிடம், பத்து மணிக்காரர்களில் சிலர் சீக்கிரம் வந்து நிற்க வேண்டும். உங்கள் வரிசையில் யார் இல்லை, எத்தனை வாரமாக இல்லை, யார் போய்ப் பார்க்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லி நோட்டில் எழுத வேண்டும். ஃப்ளாஸ்கில் டீ வைத்தேன், டீ இருந்தால் ஆட்கள் நிற்பார்கள். முதல் வாரம் ஆறு பேர் நின்றார்கள். பார்க்கிங்கில் ஹாரன் அடித்தவரையும் ஒரு டம்ளர் கொடுத்து நிற்க வைத்தேன்.

வந்த ஏழு பேரில் இருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர் கடைசி வரிசையில் உட்காருகிற ஆட்டோக்காரர், கன்னடம் பேசுகிறவர். ஒவ்வொரு தடவை போன் செய்யும்போதும் "பர்த்தினி அக்கா" என்று சொல்லிவிட்டு, நோட்டு விதிப்படி தமிழிலும் "வரேன்" என்பார். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஆஸ்பத்திரிக்கு அவர் வண்டிதான். இன்னொருவர் ரோஜாப் பண்ணையில் பூ வெட்டுகிற அம்மா, தெலுங்குக்காரர். மதியம் வேலை முடிந்து கையெல்லாம் முள் கீறலோடு வந்து, காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார். இவர் தமிழில் வலிக்கிறது என்பார், அவர் தெலுங்கில் கொஞ்சம் பொறு என்பார். இரண்டு பேருக்கும் நன்றாகவே புரிந்தது.

பாஸ்டர் வியாழக்கிழமை போனார். போய்விட்டு வந்து என்னைக் கூப்பிட்டார். "அந்தச் சந்துல மட்டும் நம்ம சபைக்காரங்க நாலு வீடு இருக்காங்க சிஸ்டர். ஒருத்தருக்கொருத்தர் தெரியல. எனக்கும் தெரியல" என்றார். அதற்குப்பிறகு வாசல் நோட்டைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு அவரே டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

இவ்வளவும் நடந்தது, ஆனால் கால் மடங்கவில்லை. மூன்றாவது வாரம் ஆகியும் வாக்கரை விட்டு ஊன்றுகோலுக்குத்தான் வந்திருந்தார். ஆட்டோக்காரர் இரண்டு சிமெண்ட் கல்லை வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் படி மாதிரி செய்து கொடுத்தார். ஏறப் பார்த்து இரண்டு நாள் முடியாமல் போனது. இரண்டாவது நாள் அவர் கல்லின்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"விட்ருங்க சிஸ்டர். நீங்கல்லாம் வந்தீங்க, அதுவே போதும். அண்ணனுக்குப் போன் பண்ணிடறேன்."

"போதாது" என்றேன். "நாங்க வந்து போறதுக்கா இத ஆரம்பிச்சோம்? நீங்க பஸ் ஏறணும். எழுந்திருங்க."

பக்கத்து வீட்டுக்காரர் வாசலிலிருந்து, "எந்திரிங்க, அந்தக்கா விடாது" என்றார். நான் வந்த முதல் நாளிலிருந்து அவர் என் பக்கம் பேசியது அதுதான் முதல் தடவை. இவர் எழுந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் சபைக்குக் கூட்டிவந்தோம். இரண்டு ஆராதனைக்கும் நடுவில், டீ குடிக்க நின்றவர்கள் பார்க்க, மேடைப் படியில் ஏறிப் பழகினார். மூன்று படி. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். நான் ஆறு வருடம் கையில் சீட்டோடு யோசிக்காமல் ஏறிய படி. அவருக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் ஆனது. நான்காவது தடவை ஏறி நின்றபோது கீபோர்டு சகோதரர் கையைக் கட்டிக்கொண்டு அமைதியாக நின்றுகொண்டிருந்தார். பத்து மணி ஆராதனை பன்னிரண்டு நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. பாஸ்டர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

இத்தனைக்கும் அவர் என்னை இன்னும் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ரோஜாப் பண்ணை அம்மாவைப் பெயரோடு அக்கா என்பார், ஆட்டோக்காரரைப் பெயரோடு தம்பி என்பார். நான் மட்டும் சிஸ்டர். நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும்.

ஒன்றாம் தேதி ஏ ஷிஃப்ட். காலை ஐந்தேகாலுக்குப் பாகலூர் சாலையில் கம்பெனி பஸ் வரும். பனி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஸ்வெட்டரோடு நின்றார். ஆட்டோக்காரர் தேவைப்பட்டால் என்று வண்டியைக் கொண்டுவந்திருந்தார். பாஸ்டர் மப்ளர் கட்டிக்கொண்டு கொட்டாவி விட்டபடி வந்து சேர்ந்தார். முந்தின நாளே சாமல்பட்டி அண்ணன் போன் செய்து, எத்தனை மணிக்கு வண்டி எடுத்துவரட்டும் என்று கேட்டிருந்தார். 'அஞ்சரைக்கு அப்புறம் சொல்றேன்' என்று இவர் சொல்லியிருந்தார்.

பஸ் வந்து நின்றது. அந்த முதல் படி மேடைப் படியைவிட உயரம், சிமெண்ட் கல்லையும்விட உயரம். ஓட்டுநர் இஞ்சினை அணைக்காமல் எங்களையே பார்த்தார். உள்ளிருந்து இரண்டு பெண்கள் கை நீட்டினார்கள்.

"யாரும் புடிக்காதீங்க" என்றார் இவர். ஊன்றுகோலை உள்ளே கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தார். நல்ல கால் மேலே போனது. உடம்பு முழுக்க அதற்குப் பின்னால் எழும்ப வேண்டும். ஒரு தடவை எழும்பிப் பார்த்து முடியாமல் தளர்ந்தார். நான் என் கையிலிருந்ததை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நின்றேன். ஜெபம்கூட வரவில்லை, 'ஏறுங்க, ஏறுங்க' என்றுதான் வாயில் வந்தது. இரண்டாவது தடவை எழும்பினார். அடிபட்ட கால் மேலே வந்து படியில் நின்றது. அடுத்த படி, அதற்கடுத்த படி. பிறகு அவர் தெரியவில்லை, உள்ளே போய்விட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் என் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பஸ் கதவு மூடியது, நகரத் தொடங்கியது. ஜன்னல் கண்ணாடி ஒன்று சரேலென்று திறந்தது. அவர் தலையும் கையும் வெளியே வந்தன. என் பெயரை, ரோடு முழுக்கக் கேட்கும்படி, முழுதாகச் சொல்லிக் கூப்பிட்டார்.

"...அக்கா! என் பை!"

அப்போதுதான் பார்த்தேன். அவருடைய பை, சாப்பாட்டு டப்பாவோடு, இவ்வளவு நேரமும் என் கையில் இருந்தது. ஓடிப்போய் ஜன்னலில் கொடுத்தேன்.